கீரிப்பிள்ளையைப் பிழைக்க வைக்காதீர்கள்

எங்கள் வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதைசொல்லும் போட்டி நடத்தும் அமைப்புக் குழுவினருக்கு,

இந்த ஆண்டுப் போட்டிக்காக நீங்கள் பள்ளிகளுக்கு அனுப்பிய கதைத் தொகுப்பில் தாயும் கீரிப்பிள்ளையும் கதையை மாற்றியிருக்கிறீர்கள். பாம்பிடமிருந்து குழந்தையைக் காத்த கீரியை, அதன் வாயில் உள்ள ரத்தத்தைப் பார்த்துத் தப்பாக நினைத்துத் தாய் குடத்தைப் போட்டுக் கொன்றுவிடுவதுதான் பழைய கதை. உங்கள் தொகுப்பில் தாய் போட்ட குடம் கீரியின் காலில் பட்டு லேசான காயம். அவள் அழுது மன்னிப்புக் கேட்கிறாள், மருந்து வைத்துக் கட்டுகிறாள், கீரி குணமாகிறது. கடைசியில் 'ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு' என்று ஒரு வரி. கூடவே விதிகளும் வந்திருக்கின்றன. மூன்று நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், நீதியைச் சொல்லித்தான் முடிக்க வேண்டும், அந்த நீதிக்கு மட்டும் 100-க்கு 25 மதிப்பெண். இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. காரணத்தை விவரமாகவே எழுதுகிறேன். குழுவில் உள்ள எல்லோரும் படிக்க வேண்டும்.

நான் அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். என் அப்பா வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடித்தவர். கோயில் திருவிழாவான கொடை எங்கே நடந்தாலும் அவர் பின்னால் போய், வில்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்டு வளர்ந்தேன். இப்போதும் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லப் பழக்குகிறேன். அவர்களில் ஏழாம் வகுப்பு படிக்கும் ஒருத்தி உங்கள் முதல் சுற்றில் இந்தக் கதையைப் பழைய முடிவோடு சொல்ல வந்தாள். வாசலில் நிற்கிற தாய் இடுப்புக் குடத்தைத் தலைக்கு மேல் தூக்குகிற இடத்தில் மணி அடித்துவிட்டார்கள். கை ரெண்டும் மேலே இருக்க, தொடரவா நிறுத்தவா என்று தெரியாமல் பிள்ளை நின்றது. "நேரம் முடிஞ்சது, நீதியை மட்டும் சொல்லிட்டு இறங்கும்மா" என்றார் நடுவர். முடிவை ஒரே வரியில் சொல்லிவிட்டு அவள் இறங்கினாள். மதிப்பெண் தாளில் 'முடிவு தவறு, நீதி இல்லை' என்று எழுதிக் கொடுத்தார்கள். நேரம் கூடியதற்கு மதிப்பெண் குறைத்ததை உங்கள் விதிப்படி சரி என்றே வைத்துக்கொள்கிறேன். 'முடிவு தவறு' என்று எழுதியதைத்தான் விட்டுவிட முடியவில்லை.

இந்தக் கதையில் சம்பவங்கள் மிகக் குறைவு. தாய் தண்ணீருக்குப் போகிறாள். பாம்பு வருகிறது, கீரி அதைக் கொல்கிறது. தாய் திரும்பி வந்து கீரியைக் கொல்கிறாள். உள்ளே போய்ப் பார்க்கிறாள். அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம். இவ்வளவு சின்னக் கதை இத்தனை காலமாகச் சாகாமல் இருப்பது அதன் அடுக்கினால்தான். எதை முன்னால் சொல்வது, எதைப் பின்னால் வைப்பது, எங்கே நிதானிப்பது, எங்கே ஒரே மூச்சில் தாண்டுவது என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. உங்கள் தொகுப்பு கை வைத்தது அந்தக் கணக்கில்.

புறப்படுகிற இடத்தைப் பாருங்கள். தாய் கீரியைப் பிள்ளை மாதிரி வளர்த்தவள், பால் ஊற்றியவள். இருந்தும் அவளுக்குள் ஒரு சந்தேகம் உண்டு. 'என்ன இருந்தாலும் பல்லு உள்ள சென்மம்' என்று ஒரு வார்த்தையை வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுத்தான் குடத்தை எடுக்க வேண்டும். பஞ்சதந்திரத்திலும் அந்தப் பெண் கீரியை மகன்போல் வளர்க்கிறாள், ஆனால் நம்புவதில்லை. எங்கள் குழுவில் பாடும்போது இந்த ஒரு வார்த்தைக்கே, பின்பாட்டுப் பாடும் இடம்பாடுகிறவர் 'ஆமா' போடாமல் விட்டுவிடுவார். கேட்கிறவர்களுக்கு அங்கேயே எதுவோ உறுத்தும். நீங்கள் நேரத்தை மிச்சம் பிடிக்க இந்த வரியை எடுத்துவிட்டீர்கள். அதனால் என்ன ஆயிற்று? உங்கள் கதையில் வருகிற தாய் காரணமே இல்லாமல் குடத்தைப் போடுகிற புத்திகெட்டவளாகிவிட்டாள். பழைய கதையில் அவள் அப்படிப்பட்டவள் இல்லை. போகும்போது ஒரு பயம், வழியெல்லாம் அதே பயம், திரும்பும்போது வேகமாய் நடந்து வருகிறாள். அந்தப் பயம்தான் கடைசியில் அவள் கையைத் தூக்க வைக்கிறது.

அடுத்தது பாம்பு. இதுதான் நீங்கள் செய்த மாற்றங்களிலேயே பெரியது. உங்கள் தொகுப்பில் தாய் திரும்பி வருகிறாள், கீரியின் வாயில் ரத்தம் பார்க்கிறாள், குடத்தைப் போடுகிறாள், உள்ளே போன பிறகுதான் பாம்பு என்று ஒன்று வந்ததே நமக்குத் தெரிகிறது. ஆச்சரியம் வேண்டும் என்று பின்னால் தள்ளினீர்கள்போல. ஆச்சரியம் ஒரு நொடியில் முடிந்துபோகும். பழைய அடுக்கில் தாய் ஆற்றங்கரையில் இருக்கும்போதே நாம் வீட்டுக்குள் இருக்கிறோம். தொட்டிலுக்கு அடியில் பாம்பு வருவதை நாம் பார்க்கிறோம், கீரி பாய்வதைப் பார்க்கிறோம். இந்த இடத்தில் வில்லுக் குழு தயவு தாட்சண்யம் இல்லாமல் நேரம் எடுத்துக்கொள்ளும். உடுக்கையும் குடமும் ஒன்றை ஒன்று விரட்டும். கீரி ஒருமுறை தோற்கிற மாதிரி வரும், தொட்டிலைத் திரும்பிப் பார்க்கும், மறுபடி பாயும். வயல் வரப்பிலும் வாழைத்தோட்டத்திலும் கீரியையும் பாம்பையும் கண்ணால் பார்த்த பிள்ளைகள் எங்கள் ஊர்ப் பிள்ளைகள். அவர்களுக்கு அந்தச் சண்டையை விளக்கவே வேண்டாம்.

சண்டை முடிந்ததும் கீரி ஏன் வாசலுக்கு ஓடுகிறது? தப்பிக்க இல்லை. அம்மாவிடம் காட்ட ஓடுகிறது. தான் செய்த காரியத்துக்கு அதனிடம் இருக்கிற ஒரே சாட்சி வாயில் உள்ள ரத்தம்தான். அதே ரத்தம்தான் தாயின் கண்ணுக்குக் குற்றத்தின் சாட்சியாகத் தெரிகிறது. குழந்தையைக் காத்ததற்கும் கொன்றதற்கும் அடையாளம் ஒன்றாகவே இருக்கிறது. கீரிக்கு வாய் இல்லை, நமக்கு இருக்கிறது, ஆனால் நம் குரல் அவளுக்குக் கேட்காது. கதையின் முழு பலமும் வந்து நிற்கிற இடம் இந்த வாசற்படிதான். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் எழுந்து நின்று கத்துவார்கள். "அடிச்சிராதம்மா, உள்ள போய்ப் பாரு, பாம்பு கெடக்கு!" என்று ஒரு பையன் பெஞ்சு மேலேயே ஏறிவிட்டான். உங்கள் தொகுப்பை அப்படியே வைத்தும் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பார்த்தேன். யாரும் கத்தவில்லை. எப்படிக் கத்துவார்கள்? அவர்களுக்குத்தான் பாம்பு வந்ததே தெரியாதே.

அப்புறம் அந்த அடி. அவ்வளவு நேரம் சண்டையை விரித்துப் பாடிய அதே குழு, இந்த இடத்தில் 'போட்டாளே' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிடும். வில்லை அடிக்கிற வீசுகோல் அதில் படாது. அப்பா குடத்தின் வாயை உள்ளங்கையால் மூடிவிடுவார். அதற்குப் பிறகு அவள் வாசலிலிருந்து தொட்டில் வரைக்கும் நடக்கிற நடை மறுபடியும் மெதுவாகத்தான் வரும். ஓர் அடி எடுத்து வைக்கிறாள், பிள்ளையின் சத்தம் கேட்கிறது. இன்னோர் அடி, தொட்டிலில் பிள்ளை விரலைச் சூப்பிக்கொண்டு கிடக்கிறது. அதற்குப் பிறகுதான் கீழே பார்க்கிறாள். சண்டை நீளம், அடி குறுகல், நடை மறுபடி நீளம். படித்து வராத கலைஞர்கள் என்று நாம் சொல்லிக்கொள்கிறவர்கள் இந்த அளவுகளை எவ்வளவு துல்லியமாக வைத்திருக்கிறார்கள்! மூன்று நிமிட மணிக்குள் இதில் எதற்கு இடம் இருக்கிறது?

சரி, கீரி பிழைத்தால் என்ன குறைந்துவிடும் என்று நீங்கள் கேட்கலாம். அந்த நடைக்கு அர்த்தம் போய்விடும். அவள் ஒவ்வோர் அடியாக நெருங்குவது இனிமேல் திருத்தவே முடியாத ஒன்றை. மருந்து வைத்துக் கட்டிச் சரிசெய்துவிடலாம் என்றால் அவள் அழுவதற்கோ நாம் பதறுவதற்கோ ஒன்றுமில்லை. யோசிக்காமல் செய்தாலும் பரவாயில்லை, கட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் 25 மதிப்பெண் வைத்துக் கேட்கிற நீதிக்கே அது நேர் எதிரானது.

இந்தக் கதை பஞ்சதந்திரத்தோடு 6ஆம் நூற்றாண்டில் பாரசீகத்துக்குப் போனது, 8ஆம் நூற்றாண்டில் அரபிக்குப் போனது, அங்கிருந்து ஐரோப்பா வரைக்கும் போனது. போகிற வழியில் எல்லாமே மாறின. கீரி இல்லாத நாட்டில் அது நாயாயிற்று. வேல்ஸ் நாட்டில் பெத்கெலர்ட் என்ற ஊரில் கெலர்ட் என்ற வேட்டைநாயின் சமாதி என்று ஓர் இடத்தைக் காட்டுகிறார்கள். அங்கே பாம்பு ஓநாயாகிவிட்டது, தாய் இளவரசனாகிவிட்டாள். நம் நாட்டிலேயே இதோபதேசத்தில் கொல்கிறவன் தகப்பன். மிருகம் மாறியது, எதிரி மாறியது, கொன்றவர் மாறினார். அந்த மிருகம் சாகிறது என்பது மட்டும் மாறவில்லை. பிரான்சில் லியோன் நகருக்குப் பக்கத்தில் இப்படிச் செத்த ஒரு நாயை மக்கள் புனிதராகவே கும்பிட்டார்கள். நோய்ப்பட்ட குழந்தைகளைத் தாய்மார் அதன் சமாதிக்குத் தூக்கி வந்ததை 13ஆம் நூற்றாண்டில் ஒரு பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார். படித்தபோது எனக்கு அது வேறு நாட்டுக் கதையாகவே தோன்றவில்லை. அநியாயமாய்ச் செத்தவரைச் சாமியாக்கிக் கும்பிடுவது திருநெல்வேலிச் சீமைக்குப் புதிதா?

காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்பைக் காணிக்கையாகப் போடுகிறோம். பட்டவராயன் என்று நாம் கும்பிடுகிற முத்துப்பட்டன் பிராமணப் பிள்ளை. பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கையைக் கட்டுவதற்காகப் பூணூலை அறுத்து, செருப்புத் தைக்கக் கற்று, அவர்கள் தகப்பன் வாலப்பகடையின் தொழிலையே ஏற்றவன். கல்யாணமான கையோடு மாடு திருடர்களை எதிர்த்துப் போய் மாண்டவன். வில்லில் இந்தக் கதையைப் பாடும்போது திருடர்களை வென்ற பிறகு அவன் சாகிற இடத்தில் பெண்கள் விம்முவார்கள். மடியில் கிடக்கிற பிள்ளைகளும் கேட்டுக்கொண்டுதான் கிடக்கும். பட்டன் பிழைத்துக்கொண்டான் என்று பாடினால் அங்கே கோயிலே இல்லை, செருப்புக் காணிக்கையும் இல்லை. எந்த ஊர்க் கொடையிலும் அப்படி ஒருவர் பாடத் துணிந்ததில்லை.

இன்னொரு சாட்சி இருக்கிறது. தமிழாசிரியர்கள் உங்கள் குழுவில் இருப்பார்கள், அவர்களுக்கு இது தெரிந்ததுதான். சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதையில் இதே கீரிப்பிள்ளை வருகிறது. மாடலன் என்ற மறையவன் நம்முடைய பொதிகை மலையை வலம்வந்து, குமரியில் நீராடித் திரும்புகிற வழியில், மதுரைக்கு வெளியே புறஞ்சேரியில் கோவலனைச் சந்திக்கிறான். புகாரில் கோவலன் செய்த நல்ல காரியங்களை அவனுக்கே நினைவூட்டுகிறான். அதில் ஒன்று இந்தக் கதையின் தொடர்ச்சி. 'பிள்ளை நகுலம் பெரும்பிறிதாக' என்று ஒரே அடியில் கீரி செத்த செய்தியை இளங்கோ முடித்துவிடுகிறார். கேட்கிறவர்களுக்கு மற்றது தெரியும் என்ற நம்பிக்கைதான். அதன் பிறகு நடந்ததைத்தான் அவர் சொல்கிறார். கீரியைக் கொன்ற மனைவியின் கையால் இனிச் சாப்பிட மாட்டேன் என்று கணவன் வடக்கே போகிறான். பரிகாரத்துக்கு வழி சொல்லும் வடமொழி வாசகம் எழுதிய ஏட்டை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போகிறான். அவள் அந்த ஏட்டை வைத்துக்கொண்டு வணிகர் தெருவில் வீடுவீடாக அலைகிறாள். கோவலன்தான் கூப்பிட்டு விசாரிக்கிறான், அஞ்சாதே என்கிறான், அவளுக்காகத் தானம் செய்கிறான், போன கணவனைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்த்து வாழ வைக்கிறான்.

இதை எந்த இடத்தில் வைத்திருக்கிறார் என்று பாருங்கள். அடைக்கலக் காதைக்கு அடுத்தது கொலைக்களக் காதை. ஒரு கொலைகாரியைக்கூட விசாரித்து, இரங்கி, வாழ வைத்தவன் மறுகாதையில் விசாரணையே இல்லாமல் வெட்டுப்பட்டுச் சாகிறான். கீரியின் வாயில் ரத்தம் இருந்த மாதிரி அவன் கையில் சிலம்பு இருந்தது. அரசன் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. சிலம்பு அவனிடம் இருந்தால் கொன்று கொண்டுவா என்றான். கண்ணகி 'தேரா மன்னா' என்று கூப்பிடுவது இதைத்தான். சிலம்பை உடைத்து முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறித்ததும், தொட்டிலுக்கு அடியில் பாம்பைப் பார்த்த தாயின் இடத்தில் பாண்டியன் நிற்கிறான். அவனால் அதற்கு மேல் உயிரோடு இருக்க முடியவில்லை. ஒரு பெருங்காப்பியத்தின் முறிவு நடக்கப்போகிற வாசலில் இந்தச் சின்னக் கதையை இளங்கோ வைத்திருக்கிறார். கீரிக்குக் காலில்தான் காயம் என்று வைத்துக்கொண்டால் கணவன் போயிருக்க மாட்டான், ஏடு இல்லை, கோவலன் இரங்க வேண்டிய தேவையும் இல்லை. பிற்பாடு பத்தாம் வகுப்பிலோ கல்லூரியிலோ இதைப் படிக்கப்போகிற பிள்ளையிடமிருந்து இப்போதே அந்தச் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறோம்.

பிள்ளைகள் மனம் நோகும் என்பது உங்கள் கவலை. தொகுப்பின் முன்னுரையிலும் எழுதியிருக்கிறீர்கள். அந்த அக்கறையை நான் குறைத்துப் பேச மாட்டேன். அஞ்சு வயசுப் பிள்ளைக்கு இந்தக் கதை வேண்டாம் என்றால் வேண்டாம். சிங்கமும் முயலும் இருக்கிறது. முயல் வேண்டுமென்றே தாமதமாகப் போவது, சிங்கத்தின் கோபத்தைக் கிளப்பி கிணற்றடிக்குக் கூட்டிவருவது, நிழலைக் காட்டுவது, குதித்தது என்று ஒரே நேர்கோட்டில் ஓடுகிற கதை. மூன்று நிமிடத்துக்குள் முழுசாகச் சொல்லலாம், பிள்ளை சிரித்துக்கொண்டே போகும். குரங்கும் முதலையும் இருக்கிறது. பொருந்துகிற கதையை எடுங்கள். பொருந்தாத கதையின் கைகாலை முறித்துப் பெட்டிக்குள் அடக்காதீர்கள்.

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை என்ன செய்கிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கதை முடிந்ததும் சத்தமே இருக்காது. கொஞ்ச நேரம் போனதும் கேள்வி வரும். "நீங்க ஏன் டீச்சர் கீரிய சாவ விட்டீங்க?" என்று ஒருத்தி என் மேல் கோபப்பட்டாள். "அந்த அம்மா மேல தப்பா?" என்று கேட்டேன். எல்லோரும் ஆமாம் என்றார்கள். பெஞ்சு மேல் ஏறிக் கத்திய அந்தப் பையன் மட்டும் யோசித்து, "நானா இருந்தாலும் அடிச்சிருப்பேன் டீச்சர், நமக்குப் பாம்பு தெரியும், அவளுக்குத் தெரியாதுல்லா" என்றான். அன்றைக்கு மணி அடித்து அடுத்த பாடம் தொடங்கிய பிறகும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. இப்படி ஒரு பேச்சு வர வேண்டும் என்றால் நீதியைக் கதைசொல்லி முந்திக்கொண்டு சொல்லக்கூடாது. சொல்லிவிட்டால் பிள்ளைகள் நோட்டில் எழுதிவிட்டு மூடி வைத்துவிடுவார்கள்.

ஆகவே நான் கேட்பது இவை. இரண்டாம் சுற்றுக்கு முன்பே திருத்திய கீரிப்பிள்ளைப் பிரதியைத் திரும்பப் பெறுங்கள். கதையைப் பழைய அடுக்கில், பாம்பு முன்னால் வர, கீரி சாகிறபடியே பள்ளிகளுக்கு மறுபடி அனுப்புங்கள். சொல்வது சிரமம் என்று ஒரு பள்ளி நினைத்தால் வேறு கதையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும். ஆறாம் வகுப்புக்கு மேலே உள்ளவர்களுக்குப் பத்து நிமிடம் கொடுங்கள், நடுவில் மணி அடிப்பதை நிறுத்துங்கள். நேரம் கூடினால் முடித்த பிறகு மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்ளலாம். நீதி சொல்வதற்கு வைத்திருக்கிற 25 மதிப்பெண்ணை எடுத்துவிட்டு, கதையின் நிதானத்தையும் வேகத்தையும் பிள்ளை எப்படிக் கையாள்கிறது என்பதற்கு அதைக் கொடுங்கள். இதை மதிப்பிடத் தெரிந்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். வில்லுப்பாட்டிலோ கணியான் கூத்திலோ பாடி வருகிற அண்ணாவி (தலைமைப் பாடகர்) ஒருவரை ஒவ்வொரு சுற்றிலும் நடுவராக உட்கார வையுங்கள், மற்ற நடுவர்களுக்குத் தருகிற மதிப்பையும் சன்மானத்தையும் அவருக்கும் குறையாமல் கொடுங்கள்.

கடைசியாக, அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை. அவளுக்குப் பரிசு கேட்கவில்லை, அடுத்த சுற்றுக்கு எடுக்கச் சொல்லவும் இல்லை. அவள் தாளில் எழுதிய 'முடிவு தவறு' என்பதை அடித்துவிட்டு, அவள் சொன்ன முடிவு சரியானது என்று குழுவின் கையெழுத்தோடு பள்ளிக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். தலைமையாசிரியர் அதைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும் என்றும் அந்தக் கடிதத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அம்பாசமுத்திரம் வட்டாரத்திலிருந்து
ஓய்வுபெற்ற ஒரு தமிழாசிரியை